சொல்லிக் கொடுத்த சாட்சி

சாட்சியச் சட்டம் நடத்துகிற ஒவ்வொருவருக்கும் பிடித்த பாடம் ஒன்று இருக்கும். எனக்கு அது, சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பது பற்றிய பாடம். நாலு சாட்சிகள் கூண்டில் ஏறி ஒரே கதையை ஒரே வார்த்தைகளில் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தால் நீதிபதிக்குச் சந்தேகம் வரவேண்டும். உண்மையைச் சொல்கிறவர் கொஞ்சம் தடுமாறுவார். கேட்காத விவரத்தைக் கொடுப்பார். நடுவில் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்றைச் சொல்வார். அந்தச் சம்பந்தமில்லாததில்தான் உண்மை உட்கார்ந்திருக்கும் என்று வருடா வருடம் கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி நடத்துவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், எழுதிக்கொள்வார்கள். சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்களையும் மாற்றிய பிறகும் இந்தப் பாடம் மாறவில்லை. பழைய எண்ணைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வதோடு சரி.

இப்போது அந்தப் பாடம் வரும் வாரம் எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருக்கிறது. காலையில் அதை நடத்திவிட்டு, அன்றைக்கே மாலையில், அதே மாடியில், ஒரு பெண்ணை உட்காரவைத்து அவளுடைய கதையை அவளுக்கே சொல்லிக் கொடுத்தவள் நான்.

எங்கள் பயிற்சி மையம் மயிலாப்பூரில், மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலையை ஒட்டிய சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. சட்டம் படித்தவர்களை சிவில் நீதிபதி தேர்வுக்குத் தயார் செய்கிறோம். முதலில் சரியான விடையைக் குறிக்கும் தேர்வு, பிறகு நாள் கணக்கில் எழுதும் தேர்வு, கடைசியில் போர்டு என்கிற தேர்வுக்குழு முன்னால் நேர்முகம். அந்தக் கடைசிக்கு எங்கள் வட்டாரத்தில் வைவா என்று பெயர். மையத்தை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. அவரை விட்டால் எங்கள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கும் யாரும் அந்தத் தேர்வைத் தாண்டியவர்கள் இல்லை. இதை நோட்டீஸில் போடுவதில்லை. மொழிபெயர்ப்புத் தாள் நடத்தும் சார் எழுத்துத் தேர்விலேயே நின்றுபோனவர். நான் வைவா வரை இரண்டு முறை போய்த் திரும்பியவள். தண்ணீரில் இறங்காமலே நீச்சல் சொல்லிக் கொடுக்கும் கூட்டம் என்று என் கணவர் கேலி செய்வார். இறங்கினோம், கரையேறத்தான் இல்லை என்று நான் திருத்துவேன்.

என் இரண்டாவது வைவாவில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். கல்யாணச் சமையல் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். அப்பா சாம்பார் அண்டாவில் போட்டுக் கிளறுகிற கரண்டியை என்னால் தூக்கக்கூட முடியாது சார் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வேலை கிடைக்காததற்கும் அந்தக் கரண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அன்று வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதே எனக்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன்: போர்டுக்கு முன்னால் அடுப்பங்கரையைக் கொண்டுபோகக் கூடாது. அப்பீல் இல்லாத தீர்ப்பு.

அந்தப் பெண் சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் குடியிருப்பை இடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகளில் கொண்டுபோய் விட்டார்கள். அப்பா சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டியவர். அங்கே போன பிறகு வண்டிக்கு வேலை இல்லை. அம்மா இன்றைக்கும் விடிவதற்கு முன்பே பஸ் பிடித்து தி. நகருக்கு வந்து நாலைந்து வீடுகளில் வேலை செய்கிறார். இவள் பகலில் ஒரு வக்கீலிடம் ஜூனியர், மாலையில் எங்கள் வகுப்பு. முதல் வரிசையில் உட்காரமாட்டாள். கேள்வி கேட்டால் மட்டும் அவள் கைதான் முதலில் எழும். எழுத்துத் தேர்வில் அவள் தேறியது தெரிந்த அன்று மொழிபெயர்ப்பு சார் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு.

வைவாவுக்கு ஒத்திகையாக மையத்தில் நடத்தும் 'மாதிரி வைவா' கொஞ்சம் நாடகம்தான். வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் ஒரு மேஜை போடுவோம். நீதிபதி சார் கோட்டு போட்டுக்கொண்டு நடுநாற்காலியில், அவருக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் மொழிபெயர்ப்பு சார். கதவைத் தட்டிவிட்டு வரவேண்டும். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்காரவேண்டும். அரை மணி முன்பு எங்களோடு டீ குடித்தவன் உள்ளே வந்ததும் வெலவெலத்துப் போவான். இந்தக் கோலத்தில் எங்களுக்கு ஒரு சுகம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்குக் கிடைக்காத நாற்காலியில் சனிக்கிழமை தோறும் உட்கார்ந்து எழுந்தோம்.

அவள் வந்தாள், தட்டினாள், உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சட்டக் கேள்விகளில் அவளை அசைக்க முடியவில்லை. பிறகு நீதிபதி சார் வழக்கமான கேள்விக்கு வந்தார்.

"உங்களப் பத்தி சொல்லுங்கம்மா. ஏன் நீதிபதி ஆகணும்னு நெனைக்கிறீங்க?"

மேஜையைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"எங்க வூட்ட இடிச்சாங்க சார். அன்னிக்கு காலீல எங்கம்மா ஒலைல அரிசி போட்டுட்டாங்கோ. வருவாங்க வருவாங்கன்னு சொல்லிக்கினேதான் இருந்தாங்கோ, ஆனா அன்னிக்கேன்னு யாருக்கும் தெரியாது. வண்டி வந்து நின்னுடுச்சு. எங்கம்மா பானைய துணி சுத்தி மடில வெச்சிக்கினு லாரில குந்திக்கினாங்கோ. அங்க போயி எறங்கி பாத்தா பாதி சோறா கீது, பாதி அரிசியா கீது. பூட்டு தெறக்க, சாமான் ஏத்த, நைட்டு ஆயிடுச்சு. அத்ததான் சார் துன்னோம். பல்லுல நறநறன்னு மாட்டுச்சு. என் தம்பி மட்டும் நல்லாகீதுன்னான்."

அவள் தானாகவே தொடர்ந்தாள்.

"பேப்பர் எடுத்தாந்த ஆபீசர் அந்தப் பானையவே பாத்துக்கினு நின்னாரு சார். என் கைல ஒண்ணும் இல்லம்மான்னாரு. அப்ப யாரு கைல கீதுன்னு கேட்டேன். கோர்ட்டுன்னாரு. அதான் சார்."

மொழிபெயர்ப்பு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதிபதி சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நல்லதும்மா, போய்ட்டு வாங்க என்றார். ஆனால் என் கை சும்மா இருக்கவில்லை. எதையெல்லாம் திருத்தவேண்டும் என்று என் முன்னால் இருந்த தாளில் எழுதிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டேன். விஷயம் பிரமாதம், சொல்கிற விதம்தான் சரியில்லை என்றேன். போர்டு என்பது அக்கம்பக்கத்து அக்கா இல்லை, அங்கே பேச்சில் ஒரு நிமிர்வு வேண்டும், முடிவில் ஒரு கருத்து நிற்கவேண்டும் என்றேன். எனக்குக் கொஞ்சம் எழுத வரும். மையத்தின் ஆண்டு மலருக்கு வாழ்த்துரை எழுதுகிறவள் நான்தான். உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன். 'நான் கூவம் கரையில் பிறந்தேன். என் பள்ளிப் பருவத்தில் எங்கள் குடியிருப்பு அகற்றப்பட்டது. அந்த உத்தரவில் கையெழுத்திட்டவர் எங்கள் தெருவைப் பார்த்திருக்க மாட்டார். நான் நீதிபதியானால், நான் கையெழுத்திடும் ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் ஒரு தெரு இருக்கும் என்பதை மறக்க மாட்டேன்.'

வாசித்துக் காட்டியபோது எனக்கே புல்லரித்தது. அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "சோறு வேணாமா மேடம்?" என்றாள்.

"வேண்டாம்மா. போர்டுக்கு அது எதுக்கு?"

"அதுல தப்பா எதுனா கீதா மேடம்?"

"தப்பு இல்ல. அடுப்பு, சோறு, பானைன்னு ஆரம்பிச்சா அவங்க வேற மாதிரி பாப்பாங்க. எனக்குத் தெரியும். அனுபவத்துல சொல்றேன்."

"சரி மேடம்" என்றாள். எதைக் கேட்டாலும் கடைசியில் என்னிடம் சரி மேடம் என்றுதான் முடிப்பாள்.

பிறகு பயிற்சி. தினமும் வகுப்பு முடிந்ததும் ஒரு தடவை சொல்லச் சொல்வேன். வூடு வீடாயிற்று, கீது இருக்கிறது ஆயிற்று. 'ஒரு தெரு' என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தச் சொன்னேன். ஆரம்பத்தில் 'அகற்றப்பட்டது' என்ற இடத்தில் அவள் குரல் உடையும். உடையக் கூடாது, கண்ணில் தெரியலாம், குரலில் தெரியக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். மெல்ல மெல்ல உடைவது நின்றது. கண்ணில் தெரிவதும் நின்றது. நான் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதிரி வைவாவில் அவள் சொல்லி முடித்ததும் பின்னால் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். அது எங்கள் வழக்கத்தில் இல்லாதது. மொழிபெயர்ப்பு சார் ஃபோனில் பதிவு செய்திருந்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நன்றாக அமைந்த பதில்களை 'நல்ல பதில்' என்று தலைப்புப் போட்டு மாணவர்களின் வாட்ஸாப் குழுவில் போடுவார். சந்தேகமில்லாமல் நல்ல எண்ணம்தான்.

"இத குரூப்ல போட்டுடலாமே" என்றார். "பசங்க ஆத்துல கேட்டுண்டே ப்ராக்டிஸ் பண்ணட்டும்."

நீதிபதி சார் அவள் பக்கம் திரும்பினார். "போடலாமாம்மா?"

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நிலைமையில் வேண்டாம் என்று சொல்கிற பெண்ணை இனிமேல்தான் பெற்றெடுக்க வேண்டும். "சரி சார்" என்றாள். நிர்ப்பந்தத்தில் கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது என்று எங்கள் மாடியிலேயே தனியாக ஒரு வகுப்பு நடக்கிறது.

அந்த வாரம் ஒருநாள் இருவரும் மந்தைவெளியில் ஒரே பஸ்ஸில் ஏறினோம். நான் அடையாறில் இறங்குகிறவள், அவள் அதற்கப்புறம் நெடுந்தூரம் போகவேண்டும். ஜன்னலோரம் எனக்கு இடம் விட்டுவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு தானாகவே சொன்னாள்.

"அந்த வாய்ஸ எங்கம்மாக்கு போட்டுக் காட்டினேன் மேடம்."

"என்ன சொன்னாங்க?"

"யாரு வூட்டு கதடி இதுன்னாங்கோ. நம்மளுதுதான்மான்னேன். அப்ப சோறு எங்கன்னு கேட்டாங்கோ."

நான் சிரித்தேன். உங்கம்மா நல்ல ஆள்மா என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள். இவ்வளவு நடந்ததில் என்னை இன்றைக்கும் தூங்கவிடாமல் செய்வது அந்தச் சிரிப்புதான். படிப்பறிவே இல்லாத ஒரு அம்மா எனக்குக் கேட்கும்படியாக ஒரு குறுக்கு விசாரணை செய்திருக்கிறார். நான் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு என் ஸ்டாப் வந்ததும் இறங்கிப் போய்விட்டேன்.

வைவா அன்று எங்கள் மையத்திலிருந்து ஒரே நாளில் பலருக்கு அழைப்பு. காலையில் சிலர், மதியம் சிலர். இவளுக்கு மதியம், அதிலும் கடைசிப் பக்கம். காலையில் போனவர்கள் ஒவ்வொருவராக ஃபோன் செய்தார்கள். நல்லாப் பண்ணேன் மேடம், நல்லாப் பண்ணேன் சார். அறையில் எல்லோரும் உற்சாகமாக இருந்தோம். மொழிபெயர்ப்பு சார் பக்கத்துக் கடையிலிருந்து வெங்காய பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார்.

வெயில் இறங்கிய பிறகு அவள் வந்தாள். வெள்ளைப் புடவையும் கறுப்புக் கோட்டும் அப்படியே இருந்தன. பறக்கும் ரயிலில் வந்ததாகச் சொன்னாள். எப்படிம்மா போச்சு என்று நீதிபதி சார் கேட்டதற்கு, சட்டமெல்லாம் நல்லா சொன்னேன் சார் என்றாள். அந்த 'எல்லாம்' எனக்குச் சுருக்கென்றது. அவளைத் தனியே கூட்டிக்கொண்டு மொட்டைமாடிப் படிக்கட்டுக்குப் போனேன். அங்கே உட்கார்ந்து சொன்னாள்.

போர்டில் ஒருவர் அவளுடைய முகவரியைப் பார்த்துவிட்டு, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவள் ஆரம்பித்து, பிசகாமல் போய், மூச்சு நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, 'ஒரு தெரு இருக்கும் என்பதை மறக்க மாட்டேன்' என்று முடித்திருக்கிறாள். கேள்வி கேட்டவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

"ஏம்மா, காலையிலேர்ந்து வர்றவங்க எல்லாரோட தாளுக்குப் பின்னாலயும் ஏதாவது ஒண்ணு இருக்கே. ஒருத்தர் வயல்ங்கிறார். ஒருத்தர் கடைங்கிறார். ஒரு பொண்ணு குடும்பம்னாங்க. உங்கள எல்லாம் ஒரே எடத்துலயா தயார் பண்ணாங்க?"

வாட்ஸாப் குழுவில் கேட்டவர்கள் அந்தப் பதிலை ஆளுக்கொரு விதமாக எடுத்துப் போயிருந்தார்கள். தெருவை எடுத்துவிட்டுத் தங்கள் வசதிக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள். வயல் என்று சொன்னவன் அடையாறில் சொந்த ஃபிளாட்டில் இருப்பவன், வயலில் அவன் இறங்கியிருக்க வாய்ப்பே இல்லை. அவர்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. 'நல்ல பதில்' என்று தலைப்புப் போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள்.

"நீ என்னம்மா சொன்னே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல மேடம். அப்புறம் அவரே கொஞ்சம் நல்ல மாரியா, சரிம்மா, நெஜமாவே உங்க வீட்ட இடிச்சாங்களா, அன்னிக்கு என்னதான் நடந்துச்சு, உங்க வார்த்தையிலயே சொல்லுங்கன்னாரு."

எனக்கு உயிர் வந்தது. "சொன்னியா?"

"வரல மேடம்." தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த சோறு ஞாபகமே வரல. நெனச்சி நெனச்சி பாக்கறேன், நீங்க எழுதிக் குடுத்ததுதான் வருது. கூவம் கரையில் பிறந்தேன்னு திருப்பியும் அதையே ஆரம்பிச்சேன். போதும்மா, போலாம்னுட்டாங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னேன். சட்டக் கேள்வியெல்லாம் நன்றாகச் சொன்னாயே, அதுதான் முக்கியம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சரி மேடம் என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். குரலில் தெரியக் கூடாது என்று நான்தானே பழக்கியிருந்தேன்.

மொழிபெயர்ப்பு சார் அன்றைக்கே குழுவிலிருந்து அந்தப் பதிவை அழித்தார். "எனக்குத் தோணவே இல்லியே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "நல்லதுன்னு நெனச்சிண்டுதானே போட்டேன்." பஜ்ஜி ஆறிப்போய்க் கிடந்தது.

முடிவு வந்தபோது அவள் பெயர் இல்லை. மயிரிழையில் போயிருந்தது. எழுத்துத் தேர்வில் அவளைவிடக் குறைவாக வாங்கியவர்கள் வைவா மதிப்பெண்ணில் அவளைத் தாண்டியிருந்தார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் உட்கார்ந்து அலசினோம். போர்டில் பத்து விஷயம் பார்ப்பார்கள், அந்த ஒரு பதிலால்தான் போயிற்று என்று எப்படிச் சொல்ல முடியும் என்றார் நீதிபதி சார். நிரூபணம் இல்லைதான். சந்தேகத்தின் பலனை எங்களுக்கே கொடுத்துக்கொண்டோம். வயல்காரன் தேர்வாகியிருந்தான். இனிப்புப் பெட்டியோடு வந்து எல்லோர் காலிலும் விழுந்தான். நானும் ஒன்றை எடுத்துத் தின்றேன்.

அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் அவளுக்கு வயது தாண்டலாம், தாண்டாமலும் போகலாம். அந்த இடைவெளியில் நீதிபதி சார் ஒரு காரியம் செய்தார். அவளைக் கூப்பிட்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் நடத்தச் சொன்னார். அவர் நிஜமாகவே நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். எனக்கு மட்டும் அதில் சம்மதமில்லை. ஏனென்றால் நாங்கள் எல்லோருமே இந்த அறைக்கு இப்படித்தான் வந்தோம். அடுத்த முறை வரும்வரை ஒரு வகுப்பு எடுங்கள் என்று சொன்னார்கள், எடுத்தோம், தலை நரைத்துவிட்டது. வேண்டாம்மா, வக்கீலிடமே இரு என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அவள் சரி சார் என்று சொல்லியாகிவிட்டது.

நன்றாக நடத்துகிறாள். சத்தமில்லாமல், தெளிவாக, எழுத்துத் தமிழில் நடத்துகிறாள். வகுப்பில் கீது வருவதில்லை. ஜெராக்ஸ் கடைப் பையனிடம் பேசும்போதுகூட வருவதில்லை. என்னோடு டீ குடிக்கிறாள், பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விடுகிறாள். வைவா பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானாகவே பேச்சை எடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று பல தடவை அடையாறு வரை யோசித்துக்கொண்டே போயிருக்கிறேன். கேட்டால் பரவாயில்ல மேடம் என்று சொல்லிவிடுவாள். அந்தப் பரவாயில்லையை என்னால் வாங்கிக்கொள்ள முடியாது.

போன சனிக்கிழமை மாதிரி வைவா. மொழிபெயர்ப்பு சார் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளப் போயிருந்ததால் அவருடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். நடுவில் நீதிபதி சார், இந்தப் பக்கம் நான். கதவைத் தட்டிக்கொண்டு வந்தவள் பட்டினப்பாக்கத்துப் பெண். அவளுடைய அம்மா அங்கே மீன் விற்கிறவர். ஏன் நீதிபதி ஆகவேண்டும் என்று கேட்டோம்.

"சின்ன வயசுல எங்கம்மா கூட கோர்ட்டுக்கு போயிருக்கேன் சார். வீட்டு கேசு. அன்னிக்கு எங்கம்மா யாவாரத்துக்கு போவல. காலீலேர்ந்து கைய தேச்சிக்கினே இருந்தாங்க. எலுமிச்சம்பழம் போட்டு தேச்சாங்க, சீயக்கா போட்டு தேச்சாங்க. அப்பயும் மோந்து பாத்துக்கினே இருந்தாங்க. கோர்ட்ல அவங்கள கூப்புடவே இல்ல சார். வாய்தா குடுத்துட்டாங்க. பஸ்ல வரும்போதும் எங்கம்மா கைய மோந்து பாத்துக்கினு வந்தாங்க."

அந்தப் பெண்ணை நீதிபதி சார் வெளியே உட்காரச் சொல்வதற்குள், மறுபக்கத்தில் இருந்த என் புதிய சகா தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"விஷயம் நன்றாக இருக்கிறது" என்று அவளிடம் சொன்னாள். "அந்தக் கை தேய்க்கிற பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள். போர்டுக்கு அது எதற்கு?" பிறகு என்னைப் பார்த்தாள். "வேண்டாம்தானே மேடம்?"

என் வார்த்தைகள். நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, நான் தலை சாய்க்கிற மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்டாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்டாள். என் பாடத்தை ஒழுங்காகப் படித்த மாணவி அவள்.

"இருக்கட்டும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "எதையும் எடுக்காதேம்மா. இப்ப சொன்னியே, அப்படியே போய்ச் சொல்லு. யார் எழுதிக் குடுத்தாலும் வாங்காதே."

அந்தப் பெண் குழம்பிப்போய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போனாள். நீதிபதி சார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் சகா பேனாவை மூடினாள். பிறகு, வெகு நாட்களுக்கு அப்புறம், தன் பழைய பேச்சில், நீதிபதி சாரின் முதுகுக்குப் பின்னால் என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்கிட்ட இத்த சொல்லலியே மேடம் நீங்கோ."

வெளியே அடுத்தவர் கதவைத் தட்டினார். உள்ளே வரச் சொல்லவேண்டிய முறை என்னுடையது.